மருந்தை அறிந்து கொடுப்போம்
தாதியர் பயிற்சி பெறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துள்ளார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவர் என்பன அவை. இந்நான்கனுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது. நான்காவதாகக் கூறப்பட்டவரையே இன்று நாம் தாதியர் என்று அழைக்கின்றோம்.

கெர்லிங், களும்பாங், கோலகுபு பாரு, பத்தாங் காலி முதலிய வட்டாரங்களிலிருந்தும், கோலா சிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் தாதியர் பயிற்சிக்குச் செல்கின்றனர். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பெற்றோர் ஈட்டிய பொருளே அவர்களுக்கு வழித்துணை. மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சியில் அவர்கள் கற்கும் பாடங்களுள் மிகவும் பொறுப்பு வாய்ந்தது மருந்து கொடுக்கும் முறையாகும். மருத்துவர் எழுதுகிறார், மருந்தாளர் எடுத்துத் தருகிறார், நோயாளியின் உடலுக்குள் மருந்து செல்வதற்கு முன் அதனை இறுதியாகப் பார்ப்பது தாதியின் கண்களே. அந்தக் கண்கள் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகின்றோம். பயிற்சி மாணவியருக்கு மட்டுமன்றி, வீட்டில் முதியோருக்கு மருந்து கொடுப்போர் அனைவருக்கும் இது பயன்படும்.

கொயினாக் காலம்

நம் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவப் பொறுப்பேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டார். அத்துடன் கொயினா மருந்தும் தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுக்கும் வழக்கம் அக்காலத் தோட்டங்களில் இருந்தது. அதன் கசப்புக்கு அஞ்சியவர் பலர். வில்லையைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது வயிற்றுக்குள் சென்றதா என்பதை எவரும் அறிய முடியாது. ஆகவே, கொடுப்பவர் முன்னிலையிலேயே அதனை விழுங்கச் செய்தனர்.

இன்று காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் சுகாதாரப் பணியாளர் அல்லது பொறுப்பான ஒருவர் பார்த்திருக்க மருந்தை உட்கொள்ளும் முறை உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது. மருந்தைக் கொடுத்துவிட்டோம் என்பதும், நோயாளி அதனை உட்கொண்டுவிட்டார் என்பதும் வெவ்வேறு செய்திகள். மருந்துக் கிண்ணத்தைப் படுக்கையருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாகாது என்று பயிற்சி ஆசிரியர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

கொயினாக் காலத்திற்குப் பின்னர் பல்லாண்டுகள் தோட்டத்து மருத்துவம் டிரசர் என்று நாம் அழைத்த மருத்துவ உதவியாளரின் கையில் இருந்தது. அவர்தம் தகுதியை முறைப்படுத்த 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே மருந்து கொடுக்க வேண்டும் என்னும் கொள்கை அதனால் உறுதிப்பட்டது. தாதியருக்கு 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் உள்ளது. பழைய தோட்ட மருத்துவமனைகள் பல இன்று இல்லை. தோட்ட மக்கள் அரசாங்கக் கிளினிக்கையும் மாவட்ட மருத்துவமனையையும் நாடுகின்றனர். மருந்துகளின் எண்ணிக்கையும் ஆற்றலும் பெருகிவிட்டன. கவனமும் அவ்வளவுக்குப் பெருக வேண்டும்.

சரிபார்க்க வேண்டிய ஐந்து

உலகெங்கும் தாதியர் கல்லூரிகளில் முதற்பாடமாகக் கற்பிக்கப்படுவது ஐந்து சரிபார்ப்புகளாகும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பன அவை. இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. ஒவ்வொரு முறையும் செய்து முடிப்பதே கடினம்.

முதலாவது, சரியான நோயாளி. ஒரே வார்டில் லெட்சுமி என்னும் பெயருடையோர் இருவரோ மூவரோ இருத்தல் நம்மிடையே இயல்பு. தந்தை பெயரும் ஒன்றாக அமைந்துவிடக் கூடும். ஆகவே முழுப் பெயருடன் அடையாள அட்டை எண்ணையோ மருத்துவமனைப் பதிவெண்ணையோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படுக்கை எண்ணை நம்பலாகாது. நோயாளிகள் படுக்கை மாறுவதுண்டு. கேட்கும் முறையும் முக்கியமானது. “நீங்கள் லெட்சுமிதானே?” என்று கேட்டால், காது மந்தமான மூதாட்டி எதற்கும் தலையசைத்து வைப்பார். “அம்மா, உங்கள் பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?” என்று கேட்டு, விடையை அவர் வாயால் சொல்லச் செய்வதே முறை.

இரண்டாவது, சரியான மருந்து. பெயர் ஒலியால் ஒத்த மருந்துகள் பல உள. ஹைட்ரலசின் என்பது இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. ஹைட்ராக்சிசின் என்பது அரிப்பையும் ஒவ்வாமையையும் தணிப்பது. அவசரத்தில் பெயரின் முற்பாதியை மட்டும் படிப்பவர் இவற்றை எளிதில் மாற்றிவிடுவார். ஆதலின், மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, அளந்து எடுக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது அல்லது நோயாளியிடம் கொடுக்கும் முன் ஒருமுறை என மும்முறை பெயர்ச்சீட்டைப் படிக்க வேண்டும். பெயருடன் வலிமையையும் காலாவதி நாளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகிய அளவைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம். நான்காவது, சரியான வழி. வாய்வழி கொடுக்க வேண்டியதை ஊசிவழி செலுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். வயிற்றில் மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட வில்லைகளும் உள்ளன. விழுங்க இயலாத முதியவருக்கு உதவுவதாக எண்ணி அவற்றைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடலில் கலந்துவிடும். பொடிக்கலாமா என்பதை மருந்தாளரிடம் கேட்ட பின்னரே பொடிக்க வேண்டும். அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கலக்காமல் இரத்த நாளத்தில் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இவை போன்ற மருந்துகளைத் தனியே வைத்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, இருவர் சேர்ந்து சரிபார்ப்பது வழக்கம்.

ஐந்தாவது, சரியான நேரம். ‘நாளைக்கு மூன்று வேளை’ என்று எழுதப்பட்ட மருந்தை மறந்துவிட்டு மாலையில் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது மருத்துவமன்று. இந்த ஐந்துடன் கொடுத்தவுடன் பதிவு செய்தலையும் இணைத்துக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்வது பிழை. கொடுத்த பின் பதிவு செய்யாமல் விட்டால், அடுத்த முறைக்காரர் மீண்டும் ஒருமுறை கொடுத்துவிட ஏதுவாகும்.

அளவுக் கணக்கு

பழைய டிரசர் மிக்சர் மருந்தைப் புட்டியில் ஊற்றி, பக்கவாட்டில் வெட்டுத் தடங்கள் கொண்ட காகிதத்தை ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு தடம் என்பது கணக்கு. இன்றைய மருந்துகளுக்கு நுண்ணிய கணக்கு வேண்டும்.

காய்ச்சலுக்குப் பயன்படும் பாராசிட்டமோல் பாகு நம் நாட்டில் இரு வலிமைகளில் கிடைக்கின்றது. ஒன்றில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் மருந்து உள்ளது. மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ளது. குழந்தையின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம் என்பது பொது விதி. 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு, மருத்துவர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என எழுதினால், ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் வேண்டும்.

வேண்டிய அளவைக் கையிலுள்ள மருந்தின் வலிமையால் வகுத்து, அவ்வலிமை அடங்கியுள்ள மில்லிலிட்டரால் பெருக்க வேண்டும். முதல் வகைக்கு 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலிட்டர். இரண்டாம் வகைக்கு 180ஐ 250ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 3.6 மில்லிலிட்டர். முதல் வகைக்குரிய 7.5 மில்லிலிட்டரை இரண்டாம் புட்டியிலிருந்து ஊற்றிவிட்டால் குழந்தைக்கு 375 மில்லிகிராம் சென்றுவிடும். இது வேண்டியதைப் போல இருமடங்குக்கும் மேல். இரண்டு மூன்று நாள்கள் இவ்வாறு தொடர்ந்தால் ஈரல் கெடக்கூடும். வீட்டுக் கரண்டிகள் அளவில் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்துடன் தரும் அளவுக் கரண்டியையோ ஊசியில்லா பீச்சாங்குழலையோ மட்டும் பயன்படுத்துக.

பெரியவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. 500 மில்லிகிராம் பாராசிட்டமோல் வில்லையை ஒரு நாளில் எட்டுக்கு மேல் உட்கொள்ளலாகாது. சளி, இருமல் மருந்துகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமோல் கலந்துள்ளது. பெனடோல் வில்லையும் சளி மருந்தும் சேர்த்து உண்பவர் தம்மையறியாமல் இரட்டை அளவு உட்கொள்கின்றார்.

கணக்கைச் சரியாகப் போட்டாலும் எழுத்தில் பிழை நேரலாம். 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியபோது அது 50 ஆகிவிடும். அரை மில்லிகிராமை வெறும் புள்ளியும் ஐந்துமாக எழுதினால் அது 5 ஆகிவிடும்; 0.5 என்றே எழுத வேண்டும். யூனிட் என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் இட்டால் அது சுழியமாகத் தோன்றி, அளவு பத்து மடங்காகும். ஆகவே யூனிட் என்று முழுமையாக எழுதுமாறு கற்பிக்கின்றனர். விடை ஐயத்திற்கிடமாக வந்தால், எடுத்துக்காட்டாக ஒரு வேளைக்குப் பத்து வில்லை என்று வந்தால், கணக்கை நிறுத்தி மீண்டும் கேட்பதே அறிவுடைமை.

இன்சுலின்: 40உம் 100உம்

2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அது மேலும் மிகுதி. இன்சுலின் போட்டுக்கொள்பவர் இல்லாத தோட்டத்து லயத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. எனவே இதனை மாணவியர் தனிக் கவனத்துடன் கற்க வேண்டும்.

நம் நாட்டில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்டது. தமிழ்நாட்டில் விற்கப்படும் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை இன்றும் பரவலாக உள்ளன. அவற்றிற்கென 40 யூனிட் அளவுக் கோடிட்ட, சிவப்பு மூடியுள்ள ஊசிக்குழல்கள் உண்டு. 100 யூனிட் ஊசிக்குழலின் மூடி ஆரஞ்சு நிறமுடையது. ஊருக்குச் சென்று திரும்பும் உறவினர் இன்சுலினையோ ஊசிக்குழலையோ வாங்கி வருவதுண்டு. அங்கேதான் இடர் தோன்றுகின்றது.

ஒருவருக்கு 20 யூனிட் எழுதப்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் ஊசிக்குழலில் 20ஆம் கோடு வரை இழுத்தால், அதில் அரை மில்லிலிட்டர் ஏறும். அதன்படி உடலுக்குள் செல்வது 50 யூனிட். சர்க்கரை மளமளவென்று இறங்கி நோயாளி உணர்விழப்பார். உயிருக்கும் கேடு விளையலாம். மாறாக, 40 யூனிட் இன்சுலினை 100 யூனிட் ஊசிக்குழலில் 20ஆம் கோடு வரை இழுத்தால், செல்வது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். இரு நிலையிலும் ஊசி போட்டவர் 20ஆம் கோட்டைச் சரியாகவே பார்த்திருப்பார். குப்பியும் ஊசிக்குழலும் பொருந்துகின்றனவா என்பதைத்தான் பார்க்கத் தவறியிருப்பார்.

சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, கைநடுக்கம், மிகுந்த பசி, பேச்சில் குழப்பம் தோன்றும். அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழிருந்தால், உணர்வுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விடியற்காலையில் ஊசி போட்டுக்கொண்டு பசியாறாமல் வேலைக்குக் கிளம்புவோர் இதை மனத்திற் கொள்க.

கொடுக்கும் முன் அறிய வேண்டியவை

ஒரு மருந்து எதற்காகக் கொடுக்கப்படுகின்றது, வழக்கமான அளவு யாது, கொடுக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும், கொடுத்த பின் என்ன நேரக்கூடும் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தெரியாமல் எந்த மருந்தையும் கையில் எடுக்கலாகாது. டிகோக்சின் என்னும் இதய மருந்தைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுவதும் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவருக்கு அது 60க்குக் கீழிருந்தால், மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பெனிசிலின் வகை மருந்துக்கு முன், “இதற்கு முன் மருந்து ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததுண்டா?” என்று கேட்க வேண்டும்.

பின்விளைவை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதி. காசநோய்க்கான ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அதனைச் சொல்லாவிட்டால், இரத்தம் போகின்றது என்று அஞ்சி நோயாளி மருந்தை நிறுத்திவிடுவார். குறைந்தது ஆறு மாதம் உண்ண வேண்டிய மருந்தை இடையில் நிறுத்தினால், நோய்க்கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். இரத்த அழுத்தத்திற்கான பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அம்லோடிப்பின் சிலருக்குக் கால் வீக்கத்தைத் தரும். இவற்றை மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தருவார். தாமே நிறுத்திக்கொள்வது பக்கவாதத்தை வரவழைப்பதாகும்.

வீட்டிலும் விழிப்பு

மருந்து உறையில் எழுதப்படும் மலாய்ச் சொற்களை நம் முதியோர் பலரால் படிக்க இயலுவதில்லை. ‘செபெலும் மக்கான்’ என்பது உணவுக்கு முன். ‘செலெபாஸ் மக்கான்’ என்பது உணவுக்குப் பின். ‘பிலா பெர்லு’ என்பது தேவைப்படும்போது மட்டும். ‘ஹாபிஸ்கான்’ என்பது இடையில் நிறுத்தாமல் முழுவதையும் உண்டு முடிக்க வேண்டும் என்பதாகும். பள்ளிப் பிள்ளைகள் இவற்றைப் பாட்டி, தாத்தாவுக்குத் தமிழில் எடுத்துரைக்கலாம். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என உறையின்மீது படம் வரைந்து கொடுப்பதும் நல்ல முறை.

நம் நாட்டில் விற்கப்படும் மருந்துகள் பதிவு பெற்றவையாக இருத்தல் வேண்டும். உறையில் எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் அவற்றின்பின் ஓர் எழுத்தும் இருக்கும். இறுதியில் ‘டி’ இருந்தால் அது பாரம்பரிய மருந்து. மூட்டுவலி உடனே நீங்கும் என்று சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்கப்படும் பதிவற்ற மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டிராய்டு கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. வலி உடனே நீங்குவது உண்மை. நாளடைவில் முகம் வீங்கும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், எலும்பு நொய்ந்துபோகும். நாட்டு மருந்து உண்பவர் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். கூறியவரைத் தாதியர் கடிந்துகொள்ளலாகாது. கடிந்துகொண்டால் அடுத்த முறை கூறமாட்டார்.

அண்டை வீட்டாரின் அழுத்த மாத்திரையைக் கடன் வாங்குவதும் கொடுப்பதும் வேண்டா. களைக்கொல்லியையோ பூச்சிமருந்தையோ பான புட்டியிலோ மருந்துப் புட்டியிலோ ஊற்றி வைக்கும் வழக்கம் தோட்டங்களில் பல உயிர்களைப் பறித்தது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் ஏனைய நஞ்சுகள் உள்ளன. அவற்றை அவற்றிற்குரிய கலனிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பிழை நேர்ந்தால்

எவ்வளவு கவனம் இருந்தாலும் பிழை நேர்வதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ‘ஊறு இல்லா மருந்து’ என்னும் பொருளில் உலகளாவிய இயக்கமொன்றைத் தொடங்கியது. மருந்துப் பிழைகளால் உலகிற்கு ஆண்டுதோறும் 4,200 கோடி அமெரிக்க டாலர் இழப்பு ஏற்படுவதாக அது மதிப்பிட்டது. பிழைகளுக்குக் களைப்பு, ஆள் பற்றாக்குறை, இடையில் பேச்சுக் கொடுத்தல், தெளிவற்ற எழுத்து, ஒத்த தோற்றமுள்ள புட்டிகள் எனக் காரணங்கள் பல.

பிழை நேர்ந்துவிட்டால் முதற்கடமை நோயாளியைக் கவனிப்பது. அவரது நாடி, அழுத்தம், மூச்சு ஆகியவற்றைச் சோதித்து, உடனே மருத்துவருக்கும் பொறுப்புத் தாதிக்கும் தெரிவிக்க வேண்டும். பின்னர் உள்ளதை உள்ளவாறு எழுத வேண்டும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு மருந்துப் பிழைகளை அறிவிப்பதற்கென ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகின்றது. ஒருவர் அறிவித்த பிழை வேறிடத்தில் மற்றொருவர் அதே பிழையைச் செய்யாமல் தடுக்கும். மறைக்கப்பட்ட பிழையால் மாற்று மருந்து கொடுக்கும் நேரம் கழிந்துவிடும்.

மருத்துவர் எழுதியது ஐயத்திற்கிடமாக இருந்தால், பணிவுடன் கேட்பதற்குப் பயிற்சி மாணவிக்கும் உரிமை உண்டு. “டாக்டர், இந்த அளவை ஒருமுறை உறுதிப்படுத்துங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. பெரியோர் சொல்லுக்கு மறுசொல் கூறாமல் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது முதலில் கூச்சத்தைத் தரலாம். ஒரு நோயாளியின் உயிர் அந்த ஒரு கேள்வியைச் சார்ந்திருக்கக் கூடும் என்பதை எண்ணிக் கூச்சத்தை விடுத்தல் வேண்டும்.

தோட்டத்திலிருந்து தாதியர் உடை அணிந்து செல்லும் பெண்ணிடம், விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அண்டை அயலார் தம் மருந்துப் பைகளைக் கொண்டுவந்து காட்டுவர். அவர்கள் மொழியில் அவர்களுக்கு விளங்குமாறு சொல்லக்கூடியவர் அவர். தெரிந்ததைத் தெளிவாகக் கூறுக. தெரியாததைக் கிளினிக்கில் கேட்டுக் கூறுக. மருந்தை அறிந்து, ஆளை அறிந்து, அளவறிந்து கொடுக்கும் தாதியர் நம் தோட்டங்களிலிருந்து பலராகத் தோன்ற வேண்டும் என்பதே நம் விழைவு. பெற்றோரும் ஆசிரியரும் அதற்குத் துணை நிற்பார்களாக.